வாசப்படிக் கல்லும் சகலை குடுத்த பட்டு வேட்டியும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வாசப்படியில பேந்து வந்த கருங்கல் பலகையை ஒட்டணும். அவ்ளோதான்.

ஒரு ஓரத்துல மிதிச்சா இன்னொரு ஓரம் தூக்கும். பால்காரர் கூட ஒரு தடவை பாலோட உள்ளே வந்து விழுந்தார். நான் கண்டுக்கல. ஆனா அன்னிக்கு மத்தியானம் என் சகலை வர்றதா இருந்தார். அதான் விஷயம்.

சகலைன்னா என் பொண்டாட்டியோட தங்கச்சி செல்வி புருஷன், தணிகாசலம். பிள்ளையார்பாளையத்துல பட்டுத் தறி வெச்சிருக்கார். அவங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க ரெண்டு பேரும் வர்றாங்க.

நான் வீடு கட்டின புதுசுல இதே கல்லைக் காலால தட்டிப் பாத்துட்டு, "இது நிக்காது சகலை, பேந்துடும்"னு சொன்னவர் அவர்தான். சொன்ன மாதிரியே பேந்துடுச்சு. அதை அவர் கண்ணுல காட்டலாமா?

இன்னொண்ணும் இருக்குது. ஒரு கல்யாண மண்டபத்துல நான் நுழையறேன். எல்லாரும் எழுந்து நின்னு "வாங்க"ன்னாங்க. இவர் மட்டும் நாற்காலியில சாஞ்சிக்கினு தலையை ஆட்டினார். மூத்த சகலைக்கு! வெறும் தலை! இந்த ஆளுக்கு இனிமே நான் எழுந்திருக்க மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

என் வீட்டுக்காரி மல்லிகாவுக்கு இது தெரியும். காலையில காபி குடுக்கும்போதே ஆரம்பிச்சிட்டா.

"தோ பாருங்க. தட்டு வாங்கறப்ப புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நின்னு வாங்கணும். அதான் மரியாதை. பழசை மனசுல வெச்சிக்கினு நீங்க உக்காந்திருந்தீங்கன்னா, அவங்க ஏறுற ஆட்டோவுலயே நானும் ஏறிடுவேன். அப்புறம் உங்க சோத்தை நீங்களே பொங்கிக்குங்க."

"நிக்கறேன்மா."

"மூஞ்சியைத் தூக்காம நிக்கணும்."

"சரிம்மா."

"அவர் தறியில நெஞ்சு குடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கினு நிக்கணும்."

அந்த வேட்டி என் அறுபதாம் கல்யாணத்துக்கு சகலை தன் கையால நெஞ்சது. கோவத்துல நான் பிரிச்சிக் கூடப் பாக்கல. அதையும் கட்டிக்கிறேன்னேன். அவ மிரட்டறதுக்காகப் பேசறவ இல்ல. சொன்னா ஏறிடுவா.

கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். கூப்பிடல. வீடு கட்டறப்ப எங்க வீட்டு சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்ன ஆளு அவன்.

நேரா ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் ரெண்டு டப்பா எடுத்து வெச்சார். ஒண்ணுல வெள்ளைக் களிம்பு, ஒண்ணுல கருப்புக் களிம்பு.

"இது எபாக்சி அண்ணே. ரெண்டையும் சமமா எடுத்து சாம்பல் நிறம் வர்ற வரைக்கும் கலக்கணும். தனித்தனியா இருந்தா சாது. சேந்தா கல்லு."

"சரி பாய்."

"கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கோங்க. கலந்துட்டா ஜல்தியா தடவிடணும். அது உங்களுக்காகக் காத்திருக்காது."

நான் தலையை ஆட்டினேன். காது கேட்டுச்சு. அவ்ளோதான்.

வீட்டுக்கு வந்து கல்லு அடியை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துடைச்சு, டப்பாவைத் திறந்தேன். மல்லிகா உள்ள இருந்து எட்டிப் பாத்தா.

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு! வாசப்படியில கை வெக்காதீங்க! பன்னெண்டு மணிக்கு மேல ஒட்டுங்க!"

வாசப்படின்னா மகாலட்சுமி சமாச்சாரம். எதுத்துப் பேச முடியாது. ஆனா நான் யோசிச்சேன். ராகு காலத்துல ஒட்டத்தானே கூடாது? கலக்கறதுக்கு என்ன? நாளைக்கு இட்லிக்கு இன்னிக்கே மாவு அரைக்கறது இல்லையா? இப்பவே கலந்து வெச்சிட்டா, பன்னெண்டு அடிச்சதும் தடவிட வேண்டியதுதான்.

குளிக்கற பிளாஸ்டிக் சொம்புல ரெண்டு டப்பாவையும் மொத்தமா வழிச்சுப் போட்டேன். தென்னங்குச்சி போதல, கரண்டிக் காம்பை விட்டுக் கலக்கினேன். அருமையான சாம்பல் நிறம்! தட்டைப் போட்டு மூடி வெச்சிட்டு, பேப்பரை விரிச்சிக்கினு உக்காந்தேன்.

கொஞ்ச நேரத்துல ஏதோ கருகற வாசனை.

"மல்லிகா! அடுப்புல என்ன வெச்சே?"

"அடுப்பே பத்த வெக்கலையே!"

திரும்பிப் பாத்தா சொம்புல இருந்து புகை வருது! தொட்டேன். கொதிக்குது! நெருப்பு இல்ல, ஒண்ணும் இல்ல, தானா கொதிக்குது! சொம்பு வயிறு ஒரு பக்கம் இளகி, கர்ப்பிணி மாதிரி தள்ளிக்கினு நிக்குது.

"என்னத்தை வாங்கியாந்தீங்க? பட்டாசா?"

சூடு ஆறினதும் கரண்டியைப் பிடிச்சுத் தூக்கினேன். சொம்பும் கூடவே வந்தது. கரண்டி, சொம்பு, எபாக்சி மூணும் ஒரே குடும்பமாயிடுச்சு. தரையில தட்டினேன். தரையில சில்லு பேந்துச்சு.

அந்த சொம்பைத் தூக்கிக்கினு பாய் கடைக்கு ஓடினேன்.

"என்னா பாய், கெட்டுப்போன சரக்கைக் குடுத்து என்னை ஏமாத்தறியா?"

பாய் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "மொத்தமா கலந்தீங்களா அண்ணே?"

"ஆமா."

"கலந்துட்டு?"

"ராகு காலம் முடியட்டும்னு வெச்சேன்."

பாய் சொம்பை மெதுவாக் கீழ வெச்சார். அப்புறம் சொன்னார். "அண்ணே, அதுக்கு ராகு காலம் தெரியாது. நிறைய சேத்து வெச்சா சூடாகி சீக்கிரமே இறுகிடும். சொன்னேனே."

கடையில நின்ன ஒரு பெயிண்டர் சிரிச்சான். அவன் மூஞ்சியை ஞாபகம் வெச்சிருக்கேன்.

"விருந்தாளி வர்ற நேரம் பாய். சீக்கிரமா பிடிக்கற மாதிரி ஏதாவது குடு."

பாய் வேற ஒரு ஜோடி டப்பா எடுத்து வெச்சார். "இது அவசரத்துக்கு. கலந்தா தம் கட்டிக்கினு தடவணும். வெளியே பிதுங்கறதை உடனே துணியால துடைச்சிடணும். இறுகற வரைக்கும் மேல பாரம் வெக்கணும். துடைக்கறதை மறக்காதீங்க அண்ணே."

வீட்டுக்கு வந்தப்ப ராகு காலமும் முடிஞ்சிடுச்சு, நேரமும் முடிஞ்சிடுச்சு. சகலை ஆட்டோ ஏறிட்டார்னு போன் வந்துக்கினு இருக்குது. மல்லிகா பட்டு வேட்டியைக் கையில திணிச்சா. "மொதல்ல இதைக் கட்டுங்க!" கட்டினேன். அதோடவே குனிஞ்சு, கலந்து, தடவி, கல்லை வெச்சு அமுக்கினேன். நாலு பக்கமும் பிதுங்கிச்சு. துடைக்கல. காசு போட்டு வாங்கினதை வழிச்சு எறியறதா?

"மல்லிகா, பாரம் வேணும். அம்மிக்கல்லைக் குடு."

"வெள்ளிக்கிழமை அம்மியைத் தெருவாசல்ல வெக்கறதா? குடும்பம் விளங்கிடும்!"

வேற பாரம் எதுவும் கண்ணுல படல. என் வயித்தைப் பாத்தேன். கல்லு மேல நானே உக்காந்துட்டேன். நிழல் இருந்தது, காத்து வந்தது. நல்ல யோசனைன்னு என்னை நானே மெச்சிக்கினேன்.

ஆட்டோ வந்து நின்னுச்சு. மஞ்சள் குங்குமத் தட்டோட செல்வி இறங்கினா. பின்னாலேயே சகலை. மல்லிகா ஓடி வந்து என் பக்கத்துல நின்னா.

"வாங்க வாங்க! என்னாங்க, ஏந்திருங்க."

எழப் பாத்தேன். எழுந்திருக்க முடியல.

பின்னாடி ஏதோ பிடிச்சு இழுக்குது. மெதுவாக் கையை விட்டுத் தடவினேன். பிதுங்கின எபாக்சியில வேட்டியோட கரை படிஞ்சு, கல்லோட கல்லா இறுகிக் கெடக்குது. இன்னும் கொஞ்சம் எழும்பினேன். "டர்"ருனு ஒரு சத்தம். தெருவுல மானம் போறதுக்கு முன்னாடி மறுபடியும் உக்காந்துட்டேன்.

"வாங்க சகலை" ன்னேன். உக்காந்துக்கினே.

சகலை மூஞ்சி சுருங்கிப் போச்சு. செல்வி தட்டை நீட்டினவ அப்படியே நின்னா.

"ஏந்திருங்கன்றேன்!" மல்லிகா பல்லைக் கடிச்சா.

உண்மையைச் சொல்லிடலாம். சொன்னா கல்லு பேந்த கதை வெளியே வரும். "நான் அன்னிக்கே சொன்னேனே"ம்பார் இந்த மனுஷன். சொல்லலன்னா சம்பந்தமே அறுந்துடும். ரெண்டுக்கும் நடுவுல நான் பல்லைக் காட்டினேன்.

அந்தச் சிரிப்புதான் தப்பாப் போச்சு.

"புரியுது சகலை" ன்னார் தணிகாசலம். "அன்னிக்கு மண்டபத்துல நான் எழுந்திருக்கலன்னு இன்னிக்குப் பழி தீத்துக்கறீங்க. இடுப்பு பிடிச்சிக்கினு அசைய முடியாம இருந்தேன்யா அன்னிக்கு! அதைக் கூட நீங்க கேக்கல. செல்வி, தட்டை எடு. போலாம்."

செல்வி கண்ணுல தண்ணி. மல்லிகா உள்ள போனா. கையில பையோட வெளியே வந்தா. செருப்பை மாட்டினா. ஆட்டோவுல ஒரு காலை வெச்சா.

"ஒட்டிக்கிச்சும்மா!" ன்னு கத்தினேன்.

எதுத்த வீட்டு ஜன்னல் திறந்துச்சு.

"என்னா ஒட்டிக்கிச்சு?"

"நான்! வேட்டி! கல்லு பேந்துடுச்சு, ஒட்டினேன், என்னையும் சேத்து ஒட்டிக்கிச்சு! எழுந்திருக்கத்தான் பாக்கறேன் சகலை, சத்தியமா! முடியல!"

ஆட்டோக்காரர்தான் மொதல்ல சிரிச்சார். அப்புறம் செல்வி. அப்புறம் அழுதுக்கினே மல்லிகா.

சகலை மட்டும் சிரிக்கல. எனக்குப் பின்னாடி குந்தி உக்காந்து பாத்தார். பாத்துட்டு நெஞ்சுல கை வெச்சார்.

"ஐயோ. இது நான் போட்ட கரையாச்சே."

"வெட்டுங்க சகலை."

"எப்படி வெட்டறது! சரிகை! கோர்வை! கரையைத் தனியா கோத்து நெஞ்சது!"

"யோவ், உள்ள நான் இருக்கேன்!"

தறிக்காரர் சட்டைப் பையில நூல் வெட்டற சின்னக் கத்தரி எப்பவும் இருக்கும். எடுத்தார். இழை இழையா, கையெழுத்துப் போடற மாதிரி, நிதானமா வெட்டினார். அவ்ளோ நேரமும் தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. "சீக்கிரம்யா"ன்னா, "அசையாதீங்க சகலை, பிரிஞ்சிடும்"ன்னார். பிரியட்டுமே! இனிமே யார் கட்டப்போறாங்க?

ஒரு வழியா விடுதலை. பின்பக்கம் துண்டால சுத்திக்கினு, மல்லிகா பக்கத்துல நிமிந்து நின்னு, ரெண்டு கையாலயும் தட்டை வாங்கினேன். மூஞ்சியைத் தூக்கல. என் வாழ்க்கையில அவ்ளோ ஆசையா நான் எழுந்து நின்னதே இல்ல.

"இடுப்பு இப்ப எப்படி சகலை இருக்குது?" ன்னு கேட்டேன்.

"பரவால்ல சகலை" ன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்துச்சு. என்னாலயா வேட்டியாலயான்னு தெரியல.

சாப்பிட்டாங்க. பாயசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சார். பழைய கோவமெல்லாம் போயிடுச்சு, மனசு லேசாயிடுச்சுன்னு நான் நினைச்சிக்கினு வழியனுப்ப வாசலுக்கு வந்தேன்.

சரிகைக் கரைத் துண்டு இன்னும் கல்லோரத்துல மின்னிக்கினு இருக்குது. சகலை அதைத் தாண்டி, கல்லை நல்லா மிதிச்சு, காலால ரெண்டு தட்டு தட்டிப் பாத்தார்.

"இப்ப நிக்கும் சகலை. ஆனா இடது பக்கம் ஒரு நூல் அளவு சாஞ்சிருக்குது."

கல்யாணத்துக்குப் போவேன். ஆனா அந்த ஒரு நூலை நான் மறக்க மாட்டேன்.