பொதுச் சுவரில் ஒரு டிவி

"சட்டைப் பையில என்ன?"

வாசலிலேயே மறித்தார் சங்கிலிமுத்து. கடையிலிருந்து டிவி மாட்ட வந்த முத்துப்பாண்டி விழித்தான்.

"பீடி, அண்ணாச்சி."

"தீப்பெட்டி?"

"அதில்லாம எப்படிப் பத்த வைக்க?"

"ரெண்டையும் வெளிய வை. செருப்பைக் கழட்டு. அந்த இரும்புச் சுத்தியலும் உள்ள வரப்படாது."

"ஏன், வீட்டுக்குள்ள வெடிமருந்தா அரைக்கீக?"

"பேசாம வாலே."

சங்கிலிமுத்து அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி, பொறி வந்தால் சாவு என்று தினமும் ஆட்களிடம் கத்துகிறவர். வீட்டுக்கு வந்தும் அது நிற்கவில்லை. அவர் மனைவி வேலுத்தாய் தோசையைக்கூட மரக்கரண்டியால்தான் திருப்ப வேண்டும். பாதி தோசை கல்லோடு தங்கிவிடும்.

அன்று நாலு மணிக்கு அவர்கள் மகள் பாண்டிச்செல்வியைப் பெண் பார்க்க ஆலங்குளத்திலிருந்து வருகிறார்கள். பையனுக்கு சிமெண்ட் ஆலையில் அரசாங்க வேலை. இதற்கு முன் வந்த இரண்டு கூட்டமும் வீட்டை ஒரு நோட்டம் விட்டு, காப்பியைக் குடித்து, "சொல்லி விடுறோம்" என்று எழுந்துபோனவை. அதனால்தான் இந்த எல்சிடி டிவி. தெருவிலேயே முதல் தட்டை டிவி. இது சுவரில் ஏறிவிட்டால் வருகிறவர்கள் விரிசலையும் ஒழுகலையும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பினார்.

"வேலுத்தாயி, கதவைச் சாத்து. நனைச்ச சாக்கைத் தொங்கவிடு. வேலை நடக்கையில வெளியாள் உள்ள வரப்படாது."

"மாப்ள வீட்டுக்காரவுக வந்துட்டா?"

"அதுக்குள்ள முடிஞ்சிரும்."

முத்துப்பாண்டி டிரில்லைச் சுவரில் வைத்து அழுத்தினான். வீடே அதிர்ந்தது. மோட்டாருக்குள் நீலமாக ஒன்று மின்னியது.

"பொறி! பொறிலே!"

தயாராக இருந்த வாளித் தண்ணீரை வீசினார் சங்கிலிமுத்து. பாதி சுவருக்கு, பாதி முத்துப்பாண்டிக்கு. டிரில் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

"கரண்டுல தண்ணி ஊத்துறீகளே! கொல்றதுக்கா கூப்பிட்டீக?"

"வெந்து சாகறதுக்கு இது தேவலைலே."

இனி கையால்தான் வேலை. கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பித்தளைக் கம்பியையும், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலையும் எடுத்தார். பழைய சுண்ணாம்புச் சுவர், தண்ணீரில் ஊறியிருந்தது. அடித்த ஒரே அடியில் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது.

"ஓட்டை பெருசாப் போச்சே அண்ணாச்சி."

"அப்ப முளையையும் பெருசாப் போடு."

விறகைச் செதுக்கி, உலக்கை மாதிரி ஒரு முளையைச் சொருகினார். ஓங்கி ஓர் அடி. முளையைக் காணோம். அந்தப் பக்கம் தொப்பென்று ஏதோ விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் அது பொதுச் சுவர். அந்தப் பக்கம் ஞானசுந்தரி வீடு. கை நுழைகிற ஓட்டை வழியாக அவள் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் பளிச்சென்று வந்தது.

"ஏலே, அந்தப் பொம்பள பாக்குறதுக்குள்ள டிவிய வச்சு மறை!"

இருவரும் டிவியைத் தூக்கிச் சுவரோடு அணைத்துப் பிடித்தார்கள். மாட்ட முளை இல்லை. விட்டால் விழும். விடவில்லை.

"எம்புட்டு நேரம் அண்ணாச்சி? கை மரத்துப்போச்சு."

"அவுக வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் பிடி. கேட்டா, தொடைக்கிறோம்னு சொல்லிரலாம்."

"மணி அஞ்சாகப் போகுதுங்க," என்றாள் வேலுத்தாய்.

கதவைத் திறந்து பார்த்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. உள்ளறையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை வீட்டைப் பாக்காமலே வேண்டாம்னுட்டாக போல," என்றாள்.

"இறக்குலே," என்றார் சங்கிலிமுத்து. டிவியை மெதுவாகத் தரையில் இறக்கினார்கள்.

ஓட்டைக்குள்ளிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டது. அதில் ஒரு லட்டு.

"இனிப்பு எடுங்கண்ணே," என்றது ஞானசுந்தரியின் குரல். "ஆலங்குளத்துலருந்து யாரோ வந்தாக. நீங்க இடிச்ச சத்தத்துல கேக்கல போல, உங்க கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு இங்கன வந்து உக்காந்தாக. எந்திரிச்சுப் போகையில எங்க மக சினேகாவுக்குப் பூ வச்சிட்டுப் போயிட்டாக!"