இணைச்சீரில் சுற்றிய தலை

கல்யாணமான பொம்பளை "தலை சுத்துது" என்று எங்கள் பக்கம் வாயைத் திறக்கவே கூடாதுங்க. "ஏங்கண்ணு, விசேஷமா?" என்று ஊரே வயிற்றைப் பார்க்கும். அதனாலேயே பல மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. குனிந்தால் சுற்றும், புரண்டு படுத்தால் கட்டிலே சுற்றும். கோயமுத்தூரில் ஏசி ஆபீஸ். விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருவேன். (வெயிலா? முகம் கறுத்துப்போயிருமே!) அடுத்து எப்போது சுற்றுமோ என்று நெஞ்சு படபடக்கும். காரணமே இல்லாமல் பாத்ரூமில் அழுவேன். பைத்தியம் பிடிக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த லட்சணத்தில், கிணத்துக்கடவில் தம்பி கல்யாணம். மாப்பிள்ளையோடு அக்கா சேர்ந்து நின்றால்தான் எங்கள் பக்கம் இணைச்சீர் என்ற சடங்கே நடக்கும். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில். நான் விழுந்தால் அபசகுனம் என்பார்கள். பழி புதுப்பெண் தலையில் விடியும். அந்த பயத்தில் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு நின்றேன். (வீடியோவில் திருடி மாதிரி முழிக்கிறேன்.)

"ஏனக்கா, கண்ண இப்பிடி உருட்டறே?" என்றான் தம்பி மெதுவாக.

"ஒண்ணுமில்ல சாமி, நேராப் பாரு."

சீர் நடத்தும் அருமைக்காரர் தட்டை நீட்டினார். "குனிஞ்சு வாங்கிக்குங்க அம்மணி."

குனிந்தேன். மண்டபம் கிறுகிறுவென்று சுற்றியது. சேலையையாவது விட்டிருக்கலாம், விடவில்லை. தட்டு, தேங்காய், நான், என் மேல் உருமால் தலைப்பாகையோடு தம்பி, எல்லாம் தரையில். நாதஸ்வரம்கூட நின்றுபோனது. ஐயோ, கல்யாணத்தைக் கெடுத்துப்போட்டேனே என்று வாய்விட்டு அழுதேன்.

தம்பி எழுந்திருக்கவில்லை. உருமாலைச் சரிசெய்துகொண்டு, படுத்தபடியே சத்தமாகச் சொன்னான்: "அக்கா உழுந்தா நானுந்தானுங்க உழுவோணும். அதுக்குத்தான இணைச்சீரு?"

மண்டபமே சிரித்தது. சகுனம் பார்க்க வந்த பெருசுகளும் சிரித்தன.

மறுவாரம் டாக்டர், காதுக்குள் பொடிக்கல் நகர்ந்திருக்கிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். ரத்தத்தில் வைட்டமின் டி அதலபாதாளம். "இது கொறைஞ்சா தலைசுத்தல் திரும்பத் திரும்ப வரலாம். பயம், மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கலாம். இதுமட்டுமே காரணம்னு இல்லை, மனசுக்கும் தனியா ஒரு டாக்டரைப் பாத்துக்கலாம்மா" என்றார். பைத்தியமில்லை என்ற நிம்மதியில் அங்கேயும் அழுதேன்.

அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "காடு தோட்டமெல்லாம் வெயிலு கொட்டிக் கெடக்குது, எம்புள்ளைக்கு வெயிலு பத்தலையாமா!"

மாத்திரை, காலை வெயில், மனநல டாக்டர் எல்லாமாகச் சேர்ந்து இப்போது தேவலை. ஆனால் எந்த விசேஷத்திலும் நான் குனிந்தால் போதும், தம்பி ஓடிவந்து முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்வான்.

"உழுகறதுன்னா சொல்லிப்போட்டு உழுக்கா. நானும் ரெடியாகோணுமல்ல?"