போன், பதினோரு நிமிடம்

நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். காதலித்து நிறுத்தியிருந்தாலாவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நான் நிறுத்தியது சர்வே எடுத்து.

அப்போது ஏனாத்தூரில் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த குழந்தைகள் அருங்காட்சியகத்தில் ஒரு மாதப் பயிற்சி. கண்காட்சி குடும்பங்களிடம் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து, யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள், யாரோடு பேசினார்கள் என்று குறிக்க வேண்டும்.

"அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா நடிக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் மேடம். (அதற்காக நான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனேன். கட்டடத்துக்குள்ளே.)

நான் பிடித்த குடும்பத்தில் அப்பா, அம்மா, ஆறு வயதுப் பெண் குழந்தை, அதன் சித்தி. சித்தி பட்டுப்புடவையில் இருந்தார். (காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவையைப் பார்த்தா சந்தேகப்பட முடியும்?) அவர்கள் நகர நகர நானும் நகர்ந்தேன். சித்தி நிமிரும்போதெல்லாம் குனிந்து எழுதினேன். சோப்புக் குமிழி மேசை வந்தபோது, குழந்தையின் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"தனியாவா வந்தீங்க தம்பி? வூட்ல பெரியவங்க யாரும் வரலியா?"

"இல்லைங்க."

"எங்க வேல செய்யறீங்க?"

"படிச்சிக்கினு இருக்கேங்க."

அவர் முகம் சுருங்கியது. "தரகரு பேங்க்ல வேலன்னாரே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது சித்தியைப் பெண் பார்க்கும் சடங்கு. கோயிலில் பெண் பார்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று இங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

"நான் அவரு இல்லைங்க" என்றேன்.

"அப்போ எதுக்குப்பா எங்க பின்னாலயே வந்துக்கினு இருக்கற?" என்று அப்பா சட்டைக் கையை மடித்தார். அடையாள அட்டையை நீட்டி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அதற்குள் அசல் மாப்பிள்ளை வந்துவிட்டதால் பிழைத்தேன்.

அத்தோடு ஓடியிருக்க வேண்டும். ஆனால் படிவம் பாதியில் நின்றதே. மாப்பிள்ளையைப் புது உறுப்பினராகச் சேர்த்துத் தொடர்ந்தேன்.

வெளியே வரும் வழியில் சித்தி என்னை நிறுத்தினார். "அவரையும் எழுதினீங்களா? படிங்க."

நான் படித்தேன். "போன், பதினோரு நிமிடம். கோணல் கண்ணாடி முன்னால் தலை சீவியது, நான்கு நிமிடம். குழந்தை மூன்று முறை கூப்பிட்டது, திரும்பவில்லை."

"என்கிட்ட பேசினது?"

"ஒரு நிமிஷம்."

"அதுவும் இங்க டவர் கிடைக்கலன்னு சொல்றதுக்குத்தான்" என்றவர், நிதானமாகப் போய் அக்காவிடம் ஏதோ சொன்னார். அந்தச் சம்பந்தம் வாசலைத் தாண்டவில்லை. மறுநாள் தரகர் வந்து மேடத்திடம் கத்திவிட்டுப் போனார். அன்றோடு என் பயிற்சியும் முடிந்தது.

இன்றும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது பெண் பார்க்கக் கிளம்பினால், என் அக்கா முதலில் என்னை ஊரைவிட்டு அனுப்பிவிடுவாள்.

"நீ தென்னேரிக்குப் போயி, ஏரில தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு அளந்துக்கினு வாப்பா. ஒண்ணும் அவசரமில்ல."