மூச்சு விடாத கதாநாயகி

என் பொண்டாட்டி கொப்னெட்டை ஊரைவிட்டுப் போக விடறதில்லைன்னு முடிவு பண்ணேன். அதுக்கு ஒரே வழி, அவளைச் சாகடிக்கறது. பதறாதீங்க, படத்துலதான்.

விஷயம் இதான். அவளுக்கு ஆஸ்திரேலியாவுல நர்ஸ் வேலை கெடைச்சிருச்சு. சனிக்கிழமை மத்தியானம் ஷானன்லேர்ந்து விமானம். அதை விட்டா வேலை போச்சு. இங்க அயர்லாந்துல, இந்தக் கிளேர்ல எங்களுக்கு என்ன இருக்கு? மழை இருக்கு. கூரையில ஓட்டை இருக்கு. ரெண்டும் சந்திக்கிற எடத்துல எங்க கட்டில் இருக்கு. கூரைக்குன்னு வெச்சிருந்த காசுல நான் கேமராவுக்கு லென்ஸ் வாங்கிட்டேன். அந்த லென்ஸ் வழியா மழையைப் பார்த்தா எப்படி இருக்கும் தெரியுமா? கொப்னெட்கிட்டயும் காட்டினேன். "எனக்குக் கட்டில்லேர்ந்தே தெரியுது"ன்னா.

"போகாத"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எங்க ஊர் ஆம்பளைங்க மாட்டுகிட்டதான் அப்படியெல்லாம் மனசு விட்டுப் பேசுவாங்க. எங்கிட்ட மாடும் கெடையாது. பெட்ரோல் பங்குல வேலை. அதனால படம்.

என்ன படம்? எங்க வீட்டுக்குப் பின்னாடி மேட்டுல ஒத்தை முள்மரம் நிக்குது. அதுக்கடியில அவங்க இருக்காங்க, மனுஷங்களும் இல்லை, பேய்ங்களும் இல்லை. பேர் சொல்ல மாட்டோம், "நல்ல ஜனங்க"ன்னு சொல்லி வெச்சாதான் பொழைச்சோம். மனசுக்குப் பிடிச்ச பொம்பளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. படுக்கையில அவளை மாதிரியே ஒரு மரக்கட்டையைப் போட்டுடுவாங்க. புருஷன்காரன் அதைப் பொண்டாட்டின்னே நெனச்சு அழுது, புதைச்சுட்டு, வீட்டுக்கு வந்து சூப் குடிப்பான். என்ன கதை பாருங்க. வெளியூர்க்காரங்க படம் எடுத்தா இவங்களுக்குச் சிறகு ஒட்டி, ஜிகினா தூவி விடறாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். என் படத்துல சிறகு கெடையாது. கம்பெனி கெடையாது. கேமரா நான், டைரக்டர் நான், அழற புருஷனும் நானேதான்.

கட்டைக்கு, சதுப்புல தோண்டி ஒரு பழைய ஓக் கட்டை எடுத்துட்டு வந்தேன். அவ உயரத்துக்கு வெட்டணும். அவ உயரம் தெரியலை. ஆணியில தொங்கின அவ கோட்டை வெச்சு அளந்துக்கிட்டேன்.

இப்ப திட்டத்துக்கு வாங்க. சாவு வீட்டு சீனை சனிக்கிழமைக்கு வெச்சேன். எங்க ஊர்ல சாவு விழுந்தா கடிகாரத்தை நிறுத்திடுவோம், கண்ணாடியைத் துணி போட்டு மூடிடுவோம். நான் அதோட எல்லார் போனையும் வாங்கி அணைச்சு வெச்சுடுவேன். மணியே தெரியாத வீட்டுல பொணமா படுத்திருக்கறவ விமானத்தை எப்படிப் பிடிப்பா?

"சனிக்கிழமையா?"ன்னா கொப்னெட்.

"அன்னிக்குத்தான் வெளிச்சம் சரியா அமையும்."

"அன்னிக்கு நான் கெளம்பறேன், ஃபின்டன்."

"காலையிலயே முடிச்சுடலாம். நீ சும்மா படுத்திருந்தா போதும்."

"சும்மா படுக்க நான் எதுக்கு? அதான் கட்டை இருக்கே."

"கட்டை கடைசி ஷாட்டுக்கு. துணியைத் தூக்கினா கட்டை இருக்கணும். அதுவரைக்கும் உள்ள மனுஷி இருக்கணும். அந்த வித்தியாசம் தெரியும்ல?"

"யாருக்கு, உனக்கா?"

"டைரக்டர்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

கட்டையைத் தட்டிப் பார்த்தா. "சரி. ஆனா மொகத்தையும் சேர்த்து மூடிடு. மொகம் தெரிஞ்சா பயம் போயிடும்"னா. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இப்பேர்ப்பட்ட மூளையை வெச்சுக்கிட்டு இவ ஆஸ்திரேலியாவுல போய் ஊசி போடறதாவது. அந்த யோசனையை உடனே எம் பேர்ல எழுதிக்கிட்டேன்.

ஒரு நிமிஷம், டீசலுக்கு டிராக்டர் வந்து நிக்குது.

வந்துட்டேன். எங்க விட்டேன்? சாவு வீடு. அதுல எனக்கு நல்ல அனுபவம். குளிர்காலத்துல மாமியார் தவறினப்ப, கிடத்தி முடிச்சதுலேர்ந்து எல்லாத்தையும் படம் பிடிச்சிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் அந்தம்மா மூக்கு நுனியில வந்து நின்னது பாருங்க, காசு குடுத்தாலும் கெடைக்காது. கொப்னெட் அழுதுக்கிட்டே என்னைத் தேடியிருக்கா. நான் ஏணி மேல இருந்தேன்.

சனிக்கிழமை வந்துது. மூடுபனி, தூறல், அள்ளிக் குடிக்கலாம் போல இருந்துது. பக்கத்து வீட்டு டிம்ப்னா அம்மா கறுப்பு உடுத்திக்கிட்டு வந்தாங்க, கூடவே அழறதுக்கு நாலு பொம்பளைங்க. ரொட்டி வேன் ஓட்டற மலக்கி, எல்லாருக்கும் ரொட்டி எறக்கிட்டு பின்பக்கம் வேனை நிறுத்தினான். நான் கேமராவோட அறைக்குள்ள நுழைஞ்சேன். டிம்ப்னா அம்மா குறுக்க நின்னாங்க.

"எங்க தம்பி?"

"பொணத்தைக் கிடத்தறதைப் படம் பிடிக்கணும்."

"கிடத்தறது பொம்பளைங்க வேலை. ஆம்பளை கால் வைக்கக் கூடாது. உன் மாமியாருக்கும் அப்படித்தானே பண்ணோம்?"

நியாயம். இப்படி உண்மையான விவரம்தான் படத்தைத் தூக்கி நிறுத்தும். வெளியில வந்து நின்னேன். கதவு சாத்தறதுக்கு முன்னாடி கொப்னெட் தலையை நீட்டினா. கோட்டு போட்டிருந்தா. பொணத்துக்கு எதுக்குக் கோட்டுன்னு தோணுச்சு, குளிருதுன்னு விட்டுட்டேன்.

"ஃபின்டன், எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஆமா."

"சொல்லு."

"மூச்சு விடாத. வயிறு அசைஞ்சா ஷாட்டு போச்சு."

"அவ்வளவுதானா?"

"இருமலும் வேண்டாம்."

கதவைச் சாத்திட்டா. நான் முற்றத்துல காத்துக்கிட்டு இருந்தேன். மலக்கியோட வேன் பனிக்குள்ள மெதுவா எறங்கிப் போச்சு. பின்விளக்கு ரெண்டும் செவப்பா கரைஞ்சு போச்சு. அதையும் எடுத்தேன், விடுவேனா.

அப்புறம் உள்ள கூப்பிட்டாங்க. வெள்ளைத் துணிக்கடியில அப்படி ஒரு பொணம். தலைமாட்டுல மெழுகுவத்தி. ஒரு டேக், ரெண்டு டேக், எத்தனை போச்சுன்னு தெரியாது. ஒரு அசைவு இல்லை. "கொப்னெட், நீ இவ்வளவு நாள் எங்க இருந்த"ன்னேன். பொம்பளைங்க ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

"கையை மட்டும் கொஞ்சம் வெளியில எடுக்கலாமா?"ன்னேன்.

"ஜெபமாலை சுத்தியாச்சு தம்பி. பிரிச்சா பாவம்."

கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தி ஓட விட்டுட்டு, புருஷன் அழற சீனுக்கு நானே போய் முட்டி போட்டேன். வசனம் எழுதி வெச்சிருந்தேன். முள்மரம், நிலா, விதின்னு ஒரு பக்கம். துணியைப் பார்த்ததும் ஒரு வரி ஞாபகம் வரலை. வாயில வேற என்னமோ வந்துது. "போகாதடி. நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட பேசுவேன். நீ பேசறப்ப நான் காது குடுத்ததில்லை. இனிமே கேக்கறேன். கூரையை நானே ஏறி அடைக்கிறேன். போகாத." மூக்கெல்லாம் ஒழுகுது. மூணு வருஷமா தொண்டையில நின்னது எல்லாம் வந்துடுச்சு. அவ அசையவே இல்லை. அப்பவும் எனக்குப் பெருமைதான், என்ன ஒரு கட்டுப்பாடுன்னு.

டிம்ப்னா அம்மா தலையில முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு நெஜமாவே அழுதாங்க. "இதை ஏன் தம்பி..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க.

"கடைசி ஷாட்டு"ன்னு கண்ணைத் துடைச்சேன். "கொப்னெட், எழுந்துக்கோ. கட்டையை வைக்கணும்."

எழுந்துக்கலை. தூங்கிட்டா போல. துணியைத் தூக்கினேன்.

கட்டை இருந்துது. அவ நீலக் கம்பளிச் சட்டை போட்டு, பட்டனெல்லாம் ஒழுங்கா மாட்டி.

"அட, மாத்திட்டீங்களா? நான் பார்க்கவே இல்லையே. எப்ப மாத்தினீங்க?"

"காலையிலயே"ன்னாங்க டிம்ப்னா அம்மா. "டீ ஆறுது. எடுத்துக்க கண்ணு."

போனைத் தேடி எடுத்து உயிர் குடுத்தேன். ரெண்டு தடவை அடிச்சதும் எடுத்தா, அவ போனை மட்டும் வாங்காம விட்டிருக்கேன். பின்னாடி ஒலிபெருக்கியில யாரோ ஊர் பேரா சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

"கொப்னெட், எங்க இருக்க?"

"வரிசையில. ஏறப் போறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"வாசல்ல நின்னு கேட்டேனே ஃபின்டன். கோட்டு போட்டுக்கிட்டு நின்னேன். நீ போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கோட்டைக் கழட்டியிருப்பேன்."

"சொன்னேன். சத்தியமா சொன்னேன். முட்டி போட்டு, அழுது சொன்னேன். டிம்ப்னா அம்மாவைக் கேட்டுப் பாரு."

ஒலிபெருக்கி இன்னொரு ஊர் பேரைச் சொல்லுச்சு.

"யார்கிட்ட சொன்ன?"ன்னா.