சந்தன நிறப் பாவும் மாமா தந்த காரும்

அன்புள்ள சிவகுமார் மாமாவுக்கு,

ஆரணியிலிருந்து ஜெயப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் எழுதித் தொந்தரவு கொடுப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் நீங்கள் "சொல்லும்மா" என்றதும் சொல்ல வந்ததெல்லாம் மறந்து, "அத்தை சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன். அத்தை சௌக்கியம் என்று எனக்குத் தெரியும். கார் சௌக்கியமில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

எனக்குச் செய்யாறு கம்பெனியில் வேலை கிடைத்து, இரவு ஷிப்ட் முடிந்து திரும்ப பஸ் இல்லை என்று அம்மா அழுதபோது, நீங்கள் பல வருஷம் ஓட்டிய டர்போ டீசல் காரையே தூக்கிக் கொடுத்தீர்கள். எவ்வளவு பெரிய மனசு என்பது ஸ்டீயரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் புரிந்தது. அம்மா மங்களகரமாக இருக்கிறது என்று அதற்கும் பொட்டு வைத்தாள். அந்த விளக்கு எரிந்தால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று, அப்பா என்னை வேலைக்குக் கொண்டுவிடும் வழியில்தான் தெரிந்தது. களம்பூர் நெல் லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின, ஒருநாள் வைக்கோல் டிராக்டர் கூட ஹாரன் அடித்து வழி கேட்டது, அப்பாவும் மரியாதையாக ஒதுங்கினார். போதாததற்கு, தறியில் மிதி மாற்றுவதுபோல் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிப்பவர் அவர். கம்பெனி வாசலில் சூப்பர்வைசர், "இன்னொரு வாட்டி லேட்டானா வராதம்மா" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்.

காரோடு வந்த புத்தகத்தைப் படித்துப் பார்த்து, "அப்பா, புகைக் குழாயில இருக்கிற சென்சார் கெட்டுப்போச்சு. புகைய மோந்து பாத்து காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான்" என்றேன். "மோந்து பாக்கறதுக்குக் கூடவா ஒரு ஆளு?" என்று அப்பா சிரித்தார். காலேஜுக்கு அனுப்பியதற்கு இதுதான் பலனா என்று நினைத்திருப்பார். லாரிகளைக் கரைத்துக் குடித்த களம்பூர் மெக்கானிக் சுதாகர் அண்ணன் வந்தார்.

"புதுசு மாட்டறதுலாம் பேஜாரு. ஒயர கட் பண்ணி இந்தக் குட்டிப் பொருள வெச்சுட்டா, எப்பவும் 'எல்லாம் சரி'ன்னு சொல்லிகினே இருக்கும். கம்ப்யூட்டரு நம்பிக்கும். விளக்கு ஜல்தியா அணைஞ்சிரும்."

அம்மா பதறினாள். "வெள்ளிக்கிழம அதுவுமா விளக்க அணைக்கறேன்னு சொல்றியே! குளிர வெக்கறேன்னு சொல்லுப்பா."

குளிர வைத்தார். அந்தக் குட்டிப் பொருள் நம் சொந்தக்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அம்மா "நல்லா இருக்கோம்ணா" என்கிறாளே, அதைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பரிமளா அக்கா தெரு நீளத்துக்குச் சந்தன நிறப் பட்டு நூல் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக் காய வைத்திருந்தார். முகூர்த்தப் புடவைக்காகத் தறியில் ஏற்ற வேண்டிய பாவு. அப்பாவுக்குக் காரின் பெருமையைக் காட்ட அதைவிட நல்ல நேரம் கிடைக்கவில்லை. பாவுக்கு முதுகைக் காட்டி நின்ற காரில் ஏறி ஆக்சிலரேட்டரை அழுத்தி, "அக்கா, இழுவ எப்டி பாத்தியா?" என்றார். அக்கா இழுவையைப் பார்க்கவில்லை, கரும்புகையைத்தான் பார்த்தார். கஞ்சி ஈரத்தில் கரி அழகாக ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் மட்டும் எல்லாம் சரி என்றே நம்பிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி பாலமுருகா! இதக் கட்டினு பொண்ணு மணையில உக்காந்தா, அடுப்பூதிட்டு வந்தவன்னு மாப்ள வூட்டார் எந்திரிச்சுப் போயிடுவாங்கடா!" என்று அக்கா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

பாவு எங்கள் செலவில் அரக்குச் சாயத்துக்குப் போனது. பாவு நீட்டும் தெருவில் அந்தக் கார் நுழையக் கூடாது என்று எல்லோரும் கூடிச் சொன்னார்கள். "மச்சான் குடுத்தத வெச்சிகினு கெட்ட பேர் எடுக்கறதவிட, திருப்பிக் குடுத்துட்றது மரியாத" என்றார் அப்பா. "கார் இல்லன்னா வேலயும் வாணாம். ராத்திரில யாரு கூட்டினு வர்றது?" என்றாள் அம்மா. இப்படி ஒரே மூச்சில் காரும் வேலையும் போயின. ஞாயிற்றுக்கிழமை அப்பா காரோடு வருகிறார். எங்களுக்கு இனி நிம்மதி, தெருவுக்கும் நிம்மதி. அத்தையின் முழங்கால் வலி தீரவும், உங்கள் புதுக் காரில் எந்த விளக்கும் எரியாமல் இருக்கவும் படவேட்டு ரேணுகாம்பாள் துணையிருக்கட்டும்.

வணக்கத்துடன்,
ஜெயப்ரியா

பி.கு.: மேலே சொன்னதை நம்பிக் காரை வாங்கிக்கொள்ளாதீர்கள், மாமா. என் முதல் சம்பளத்தில் புது சென்சார் வாங்கிவிட்டேன். நேற்று அப்பா தறியில் இருந்த நேரத்தில், சுதாகர் அண்ணன் தாம் கட்டிய குட்டிப் பொருளை முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கிவிட்டு அதை மாட்டினார். புகை இல்லை, விளக்கும் இல்லை. சந்தவாசல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியது நான். காலேஜில் படிக்கும்போதே லைசென்ஸ் எடுத்துவிட்டேன், வீட்டில் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. காரைத் தெருமுனைக்கு வெளியிலேயே நிறுத்திக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா சாவியை நீட்டும்போது, "இத ஜெயப்ரியா கையில குடு, மாப்ள" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.