ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் நிற்கும் கம்ப்யூட்டர்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இந்த வீட்டில் தாங்கள் கைப்படப் பாகம் பாகமாகப் பூட்டித் தந்த கம்ப்யூட்டர் ஒன்றைத் தவிர மற்ற இருவரும் சுகம். அங்கே தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபத்தில் எழுதும் கடிதம்தான், அதற்காக விசாரிக்காமல் இருக்க முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, உள்ள எதையும் தொடாதீங்க, அது பாட்டுக்கு ஓடும்" என்றீர்கள். நான் தொடவில்லை. ஒரே ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். அதற்கும் இனி சொல்லப்போவதற்கும் சம்பந்தமே கிடையாது. ரேம் என்று தாங்கள் சொன்ன அந்த இரண்டு குச்சிகள் வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடப் போனேன். அதில் வேகம் 6000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கம்ப்யூட்டரின் செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். அறுபதில் வரவேண்டிய வண்டியை நாற்பத்தெட்டில் உருட்டிக்கொண்டு வந்த எந்த டிரைவரையும் சும்மா விட்டதில்லை. போதாக்குறைக்கு, அதே டிப்போவில் மெக்கானிக்காக இருந்த, டீசல் என்று நாங்கள் கூப்பிடும் என் நண்பன், தன் வீட்டுக் கம்ப்யூட்டர் 6200-இல் ஓடுவதாகக் காலை நடையில் பீற்றிக்கொண்டான். ஆகவே நான் 6400 வைத்தேன். திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை ஒட்டாத யந்திரம் உலகத்தில் உண்டா?

மறுநாளே ஆரம்பித்தது. தங்கள் அத்தைக்கு நாடகக் குழுவிலிருந்து இருபத்திரண்டு உடுப்புகளுக்குத் துணி வெட்டும் அளவுப் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரும் வேலை வந்திருப்பது தெரியும். இத்தனை பெரிய வேலை அவளுக்கு இதுதான் முதல் தடவை. அதில் கடைசி உடுப்பு, இரண்டு ஆள் சேர்ந்து போட்டுக்கொள்ளும் ஒட்டகச்சிவிங்கி. சிங்கம் வரைந்தாள், குரங்கு வரைந்தாள், எல்லாம் ஒழுங்கு. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைத் தொட்டதும் திரை நீலமாகி, மன்னிப்புக் கேட்டுவிட்டு, அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி கழுத்து, மறுபடி நீலம். அன்று மட்டும் நாலு தடவை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். படம் போய்ச் சேரவேண்டியது நாளை மறுநாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பழைய வழக்கப்படி ஒரு பதிவேடு திறந்தேன்: விழுந்த நேரம், எழுந்த நேரம், காரணம். பதினோரு நாளில் முப்பத்தேழு தடவை விழுந்திருக்கிறது. முதலில் சந்தேகம் சுவரிலிருக்கும் பிளக்கின் மேல். எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார், அன்றும் விழுந்தது. அடுத்து விசிறியில் தூசி, துடைத்தேன், விழுந்தது. ஒரு குச்சியைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்தால் ஓடுகிறது. அதைக் கழற்றி இதை வைத்தாலும் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் நீலம். சேர்ந்து குடித்தனம் நடத்தத் தெரியாத ஜோடியைப் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். இதைவிடப் பெரிய மர்மம், முப்பத்தேழும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள். நான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு ஒரு தடவைகூட விழுந்ததில்லை. காலை வெயில்தான் காரணம் என்று மேஜையை மூன்று முறை இடம் மாற்றி, இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அது மட்டுமா, தினமும் காலையில் பார்த்தால் வேகம் தானாகவே 4800-க்கு இறங்கியிருக்கும். இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் வண்டியை மரத்தடியில் நிறுத்தும் டிரைவரின் அதே புத்தி. விடுவேனா, தினமும் 6400-க்கு ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அத்தைக்குப் பொறுமை ஜாஸ்தி. "காலையில நீங்க ரிப்பேர் பாருங்க, மத்தியானம் நான் உட்கார்ந்துக்கிறேன்" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. ஆகவே தாங்கள் வாங்கித் தந்த குச்சிகள் சொத்தை என்று வருத்தத்துடன் முடிவு செய்திருக்கிறேன். இக்கடிதத்தை அச்செடுத்த கையோடு இரண்டையும் கழற்றி இதே உறையில் அனுப்புகிறேன். யந்திரத்தின் மேல்தான் கோபம், தங்கள் மேல் அல்ல. இருவரும் நோய்நொடியின்றி, நினைத்த காரியம் நினைத்தபடி நடந்து, நீடூழி வாழ்க. மகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: இது கையால் எழுதுவது. உறைக்குள் குச்சிகளைத் தேடவேண்டாம். அச்செடுத்த கடிதத்தை அத்தை வாங்கிப் படித்துவிட்டு, இதை எத்தனை நேரம் தட்டச்சு செய்தீர்கள் என்று கேட்டாள். மத்தியானம் தூங்கி எழுந்ததிலிருந்து என்றேன். நடுவில் எத்தனை தடவை விழுந்தது என்றாள். ஒரு தடவைகூட இல்லை; சொத்தை குச்சிகளில் இல்லை, நான் வைத்த 6400-இல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளே தங்களுக்குப் போன் போட்டு வேகத்தைக் குறைக்கக் கற்றுக்கொண்டாளாம். தினமும் நான் கண்ணயர்ந்ததும் குறைப்பதும், மறுநாள் காலையில் நான் ஏற்றுவதுமாக இத்தனை நாள் ஓடியிருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி கழுத்தும் காலுமாகப் போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது, பாராட்டும் வந்துவிட்டது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ரிப்பேர் முடிஞ்சுடும். அப்புறம் நீங்க என் தையல் மெஷினைப் பிரிக்க ஆரம்பிச்சுடுவீங்க" என்றாள். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத தங்களை இனி நம்புவதாக இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன்: 5200 தாங்குமா? பதிலை என் பெயருக்கு மட்டும் எழுதவும்.