குழம்பு வருமுன் மூடிய இலை

கூச்சம் உள்ளவன் பட்டணத்தில் பட்டினி கிடக்கப் பஞ்சம் வர வேண்டியதில்லை. சோறு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தாலே போதும். (நாலாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதற்கும் இதுதான் காரணம். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார் என்று சொன்னார்கள்.)

இருபது வருஷத்துக்கு முன் மைசூர் மணிக்கூண்டுக்குப் பக்கத்துக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் பட்டுப் புடவைகளை மடித்து அடுக்க வேண்டும். யாரோடும் பேச வேண்டாம். எனக்கென்றே செய்த வேலை.

மத்தியானம் ஒரு மணிக்குத்தான் சங்கடம். வீதி முழுக்க ஓட்டல்கள். ஒன்றில் பரிமாறுகிறவன் அன்றைய பலகாரங்களை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பான். நான் முதல் பெயரை யோசிப்பதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுவான். இன்னொன்றில் கறிக்குழம்பு மணம் தெருமுனை வரை வரும். என் சம்பளத்துக்கு மணம் மட்டும்தான் கட்டுப்படியாகும். மூன்றாவது, சந்துக்குள் ஒரு உப்புமாக் கடை. அங்கே உப்புமாவைத் தவிர வேறு கிடையாது. ஒரு விரலைக் காட்டினால் இலையில் வைத்து நீட்டுவார்கள். நின்றுகொண்டே தின்னலாம். ஒன்றரை வருஷம் அதைத்தான் தின்றேன். அதில் நான் கண்ட மாறுதலெல்லாம் கடுகுதான். ஒரு நாள் கருகியிருக்கும், ஒரு நாள் கருகியிருக்காது.

இந்த நிலையில் மார்டள்ளி என்கிற கிராமத்தில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பா சோளமும் ராகியும் விளைவிக்கிற சம்சாரி. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. பட்டணத்தில் எதை எங்கே வாங்கித் தின்பது என்று தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுக்க முடியாது என்று அவர் சொன்னதாக என் அண்ணன் எழுதினான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (கடுதாசியில்தான் எனக்கு ரோஷம் வரும்.) தினம் ஒரு ஓட்டலில், தினம் ஒரு தினுசாக, கொஞ்சக் காசில் அருமையாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதிப் போட்டேன். பெண்ணின் அப்பா தாமே வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மோட்டார் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். உப்புமாக் கடை இருந்த சந்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கூட்டம் அதிகமாக நிற்கும் ஒரு சாப்பாட்டு ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். அன்றுதான் நானும் அந்தப் படியை மிதித்தேன். பிராமணர்களுக்கு உள்கூடம், மற்றவர்களுக்கு வெளிக்கூடம் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. வெளிக்கூடத்தில் வரிசையாகப் பலகை போட்டு இலை விரித்திருந்தது. உட்கார்ந்தோம். பொரியல் வந்தது, சோறு வந்தது. அடுத்து வாளியோடு வந்தவன் ஊற்றியது ரசம்.

மாமா இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, கொழம்பு தீந்து போச்சாட்ட இருக்குதே. நம்மளக் கடைசிப் பந்தியில ஒக்கார வெச்சுட்டாங்களா?”

பரிமாறுகிறவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இந்த ஊரில் முதலில் ரசம், அப்புறம்தான் குழம்பு என்று அவன் சொல்லியிருப்பான். கேட்க வேண்டுமே! பெரிய அனுபவசாலி மாதிரி நானே பதில் சொன்னேன்.

“இங்கெல்லாம் கொழம்பு வெக்க மாட்டாங்க மாமா. ரசத்துக்கப்புறம் மோரு, அவ்வளவுதானுங்க.”

“மகாராசா இருக்கற ஊர்ல கொழம்பு இல்லீங்ளா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகாராஜாவுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

வந்த பசிக்கு மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டு ரசத்தாலேயே வயிற்றை நிரப்பினார். நான் மோருக்குச் சைகை காட்டினேன். இப்போதேயா என்று பரிமாறுகிறவன் கன்னடத்தில் கேட்டான். அது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியும் தலையை ஆட்டினேன். மோரை முடித்துவிட்டு, நான் முதலில் இலையை மூடினேன். புடவை மடித்துப் பழகிய கை அல்லவா, ஓரத்தோடு ஓரம் ஒட்டி அழகாக மூடியது. ஊர்ப் பழக்கம் போலிருக்கிறது என்று மாமாவும் மூடினார்.

அப்போதுதான் பரிமாறுகிறவன் உள்ளேயிருந்து பெரிய வாளியில் குழம்பு கொண்டுவந்தான். முருங்கைக்காய் போட்டது. மூடின இரண்டு இலைகளுக்கு முன்னால் அந்த ஆள் ஒரு கணம் நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

குழம்புக்குப் பின்னால் தாம்பாளம் நிறையப் போளி போல ஒன்று வந்தது. அதன் பின்னால் ஒருவன் நெய்ச் செம்போடு வந்தான்.

“அது ஒப்புட்டுத்தானுங்களே?” என்றார் மெதுவாக.

“ஆமாங்க மாமா. எந்திரிச்சரலாங்களா?”

“பந்தி முடியறதுக்கு முந்தி எந்திரிக்கற வழக்கம் எங்க வமுசத்துல இல்லீங் தம்பி.”

உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் குழம்பைப் பிசைந்தார்கள், ஒப்புட்டைப் பிய்த்தார்கள், மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். எனக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு கிழவர் மட்டும் ஆறு ஒப்புட்டுத் தின்றார். பல் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் ஆயிற்று. அவர் கைகழுவப் போகிற வரைக்கும் நாங்கள் மூடின இலைகளைக் காவல் காத்தோம்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஓட்டலுக்குள் அதுவரை போனதில்லை, ஒன்றரை வருஷமாக ஒரே கடை, ஒரே உப்புமா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நின்றார்.

“அந்தக் கடையக் காட்டுங்க.”

காட்டினேன். வழக்கம்போல விரலைக் காட்டி அவருக்கும் ஒன்று வாங்கினேன். அன்றைக்குக் கடுகு கருகிய நாள். இரண்டு வாய் தின்றார், மிச்சத்தை ஒரு காக்காய்க்குப் போட்டார், விறுவிறுவென்று நடந்து பஸ் ஏறினார். கல்யாணம் போச்சு என்று முடிவு கட்டிவிட்டு மறுபடி புடவை மடிக்கப் போனேன்.

எட்டாம் நாள் அண்ணன் எழுதியிருந்தான். சரிப்பட்டால் தை மாதம் என்று பேசியிருந்த கல்யாணத்தைப் பெண் வீட்டார் ஆவணிக்கே வைத்துவிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு மாமா சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதியிருந்தான்: “தை வரைக்கும் உட்டா அந்தப் பையன் இருக்க மாட்டானுங்க.”

கல்யாணப் பந்தியில் என் இலையில் மட்டும் முதலில் ரசம் ஊற்றச் சொல்லிவிட்டு மாமா எதிரில் உட்கார்ந்து பார்த்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் என் பெண்டாட்டி அடுத்த பந்தியிலிருந்தாவது எட்டிப் பார்த்து, “இன்னும் வருது, மூடிராதீங்க” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுவாள்.

போன மாதம் எங்கள் மூத்த மகளுக்கு மைசூரிலேயே நிச்சயம் செய்தோம். சம்பந்தி வீட்டில் சாப்பாடு. வந்தது ரசம். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நானா ஏமாறுவேன்? மோரும் சாப்பிட்டு முடித்த பிறகும் இலையைத் திறந்தே வைத்துக்கொண்டு, குழம்பு வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக இலையை மூடினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரியவர் இன்னும் சாப்பிடுகிறார் என்று பந்தியே எனக்காகக் காத்திருந்தது. கடைசியில் சம்பந்தி வந்து, குனிந்து, கூச்சத்தோடு என் காதில் சொன்னார். யுத்த காலம், ரேஷனில் பருப்பு கிடைக்கவில்லை, இன்று ரசத்தோடு சரி என்று.

இப்போது அவர்கள் வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.